எகிறி வந்த மூலைக்கட்டை

2017-இல் வியாசர்பாடியில் ஒரு கேரம் கிளப்புக்கு ஆறு போர்டு செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கம் கேரம் போர்டு என்பது பொழுதுபோக்குச் சாமான் இல்லை. உலகப் போட்டியில் ஜெயித்த இளவழகி இந்த வியாசர்பாடிதான். 2024-இல் அமெரிக்காவில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா பக்கத்தில் செரியன் நகர். தெருமுனையில் பல்பு தொங்கவிட்டு ராத்திரி பதினொரு மணிவரைக்கும் பவுடர் போட்டு ஆடுகிற ஊர் இது. ஃபிரேம் மூலை ஒட்டவில்லை என்றால் கண்ணால் பார்க்கவே வேண்டாம், விரலால் தடவியே சொல்லிவிடுவார்கள்.

ஃபிரேம் நான்கு சட்டமும் கருவேலம். ஆடுகிற இடம் 74 சென்டிமீட்டர் சதுரம், சுற்றிலும் 7 சென்டிமீட்டர் அகலத்தில் சட்டம். அடியில் ஒவ்வொரு மூலையையும் இறுக்கிப் பிடிக்க ஒரு சின்னக் கட்டை. போர்டுக்கு நாலு, ஆறு போர்டுக்கு இருபத்துநாலு. எல்லாம் 75 மில்லிமீட்டர் நீளம், ஒரே அளவு.

ஒரே அளவில் இருபத்துநாலு துண்டு வேண்டும் என்றால் கை தானாக எதைச் செய்யும்? டேபிள் சா என்பது மேஜை நடுவே வட்ட பிளேடு எழும்பி நின்று சுற்றும் மிஷின். அதன் கைடை (பிளேடுக்கு இணையாக நிற்கும் தடுப்புச் சட்டம்; ஃபென்ஸ் என்பார்கள், எங்கள் பட்டறையில் கைடுதான்) பிளேடிலிருந்து 75 மில்லியில் நிறுத்தினேன். ரீப்பரின் (நீளமான மரச்சட்டம்) முனையை கைடில் முட்டவைத்து, மைட்டர் கேஜால் (மேஜைப் பள்ளத்தில் ஓடி மரத்தைக் குறுக்கே தள்ளும் தாங்கி) தள்ளி அறுத்தேன். பதினாறு துண்டு வெண்ணெய் மாதிரி வந்தது. பதினேழாவது துண்டு அறுந்ததும் "டக்" என்று ஒரு சத்தம். அடுத்த கணம் வயிற்றில் யாரோ சுத்தியலால் அடித்த மாதிரி. உட்கார்ந்துவிட்டேன். போர்டில் ஒருத்தன் முழு வேகத்தில் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் எதிர்ச் சுவரில் பட்டு அதே வேகத்தில் திரும்பி வருமே, அப்படி வந்து அடித்திருக்கிறது அந்தக் கட்டை.

தொப்புளுக்கு வலது பக்கம் உள்ளங்கை அளவு கன்றிப்போய், அது மஞ்சளாகி மறைய மூன்று வாரம் ஆனது. என் மகன் அப்போது அந்த மேஜை உயரம்தான் இருப்பான். அன்றைக்கு அவன் பள்ளிக்கூடத்தில் இருந்தான். அதற்கு மேல் நான் அதை யோசிப்பதில்லை.

சத்தம் கேட்டு எதிர்வீட்டு மேஸ்திரி வந்தார். பெரம்பூர் ரயில்வே கேரேஜ் ஒர்க்ஸில் தச்சு வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். என்னை ஒரு பார்வை பார்த்தார், உயிர் இருக்கிறது என்று தெரிந்ததும் என்னை விட்டுவிட்டு கட்டையைத் தேடினார். கதவோரம் கிடந்ததை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இங்க பாரு தம்பி. இந்த முகம் ஒழுங்கா அறுந்துகிது. அதுக்கு மேல குறுக்கால வில்லு மாதிரி ஒரு கீறல் ஓடுது பாரு. இது அறுத்த கோடு இல்ல, தூக்குன கோடு."

நகத்தை வைத்துப் பார்த்தேன். உண்மைதான். அறுத்த முகத்தின் மேல் ஒரு மூலையில் தொடங்கி வளைந்து ஏறும் பள்ளம், அரை மில்லி ஆழம் இருக்கும்.

"இந்தாண்ட பிளேடு, அந்தாண்ட கைடு. நடுவுல மாட்டுன துண்டுக்கு எங்கப்பா வழி வுட்ட? அது உன் வவுத்துப் பக்கமாத்தான் வரும்."

அன்றைக்கு அவர் சொன்னதை விளக்கமாகச் சொல்கிறேன். டேபிள் சா பிளேடின் முன்பக்கப் பற்கள் கீழே இறங்கும்; மரத்தை மேஜையோடு சேர்த்து அழுத்தும். அதே பிளேடின் பின்பக்கப் பற்கள் மேலே ஏறி, நம்மைப் பார்த்து வரும். அறுந்து தனியான துண்டை மைட்டர் கேஜ் தள்ளுவதில்லை, யாரும் பிடிப்பதும் இல்லை. அது நூலளவு திரும்பினால் போதும், கைடுக்கும் பிளேடுக்கும் நடுவில் கோணலாக இறுகிக்கொள்ளும். பின்பக்கப் பல் அதன் மூலையைக் கவ்வி, தூக்கி, வீசும். 10 இன்ச் பிளேடின் சுற்றளவு ஏறக்குறைய 80 சென்டிமீட்டர். நிமிடத்துக்கு 4000 சுற்று என்று வைத்துக்கொண்டால் பல்லின் வேகம் மணிக்கு 190 கிலோமீட்டர். பெரம்பூர் ஐ.சி.எஃப்-இல் செய்த வந்தே பாரத்தை 180-இல் ஓட்டிப் பார்த்ததாகப் பெருமையாகச் சொல்கிறோம். நம் மேஜைமேல் அதைவிட வேகமாக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, மரத்துண்டைப் பிடித்து எறியத் தயாராக.

அதனால் மைட்டர் கேஜையும் கைடையும் ஒரே அறுப்பில் முட்டுக்கொடுத்து வேலை செய்யக் கூடாது. ஒரே அளவில் துண்டு வேண்டும் என்றால் வழி இருக்கிறது. 50 மில்லி தடிமனுள்ள ஒரு கட்டையை கைடின் முன்முனையில், நம் பக்கமாக, கிளாம்ப் போட்டு இறுக்கவேண்டும். 75 மில்லி துண்டுக்கு கைடை 125-இல் நிறுத்தவேண்டும். ரீப்பரை அந்தக் கட்டையில் முட்டி அளவு பிடித்து, மைட்டர் கேஜில் அழுத்திப் பிடித்துக்கொண்டு முன்னே தள்ளினால், பிளேடைத் தொடுவதற்கு முன்பே ரீப்பரின் முனை கட்டையை விட்டு விலகிவிடும். அறுந்த துண்டுக்கும் கைடுக்கும் நடுவில் 50 மில்லி காலி. திரும்பினாலும் எதிலும் இறுகாது. மீதி எட்டுத் துண்டை மேஸ்திரி பக்கத்தில் நின்று அப்படித்தான் அறுக்கவைத்தார். நான் பிளேடுக்கு நேராக நின்றால் தோளைப் பிடித்து இடதுபக்கம் நகர்த்துவார். இன்றைக்கும் மிஷின் போட்டால் கால் தானாக ஒரு அடி இடதுபக்கம் போய் நிற்கிறது.

அன்றைக்கு நான் செய்த தப்பு அது ஒன்று மட்டும் இல்லை. மிஷினில் இருந்தது 24 பல் பிளேடு. முதல் நாள் நெடுக்கில் சட்டம் பிளந்த பிளேடு. மாற்றச் சோம்பல்.

பிளேடு வாங்கப் போகிறவர்கள் முதலில் பல் எண்ணிக்கையைத்தான் கேட்கிறார்கள், ஏன் என்று கேட்பதில்லை. ஒரு விளக்குமாற்றை நினைத்துக்கொள்ளுங்கள். மரத்தின் நார் என்பது அந்த ஈர்க்குச்சிகள். நெடுக்கில் அறுப்பது குச்சிகளுக்கு நடுவே பிரித்துக்கொண்டு போவது. நீள நீளமாகச் சுருள் வரும், அது வெளியேற இடம் வேண்டும். 24 பல் பிளேடில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே ஆழமான பள்ளம் இருப்பது அதற்குத்தான். பல்லின் முனையும் உளிபோலத் தட்டையாக இருக்கும், 20 டிகிரி வரைக்கும் முன்னால் சாய்ந்து மரத்தைக் கொத்தி இழுக்கும். குறுக்கில் அறுப்பது ஒவ்வொரு குச்சியையும் தனித்தனியாக நறுக்குவது. அதற்குத் தட்டை உளி ஆகாது, கத்தி வேண்டும். 60 பல், 80 பல் பிளேடில் ஒரு பல் இடதுபக்கம் சரிவாக, அடுத்தது வலதுபக்கம் சரிவாகச் சாணை பிடித்திருக்கும். இரண்டு பக்கமும் கத்தி முனை மாதிரி நாரை முதலில் வெட்டிவிட்டு, பிறகு நடுவில் இருப்பதை எடுக்கும்.

24 பல்லால் குறுக்கே அறுத்தால் அறுப்பு வெளியேறும் பக்கம் நார் பிய்ந்து சிராய் சிராயாக நிற்கும், கூடவே மரத்தை வெடுக் வெடுக்கென்று இழுக்கும். அந்த இழுப்புதான் சின்னத் துண்டைத் திருப்பும். 80 பல்லால் நெடுக்கே பிளந்தால் தூள் வெளியேற இடமில்லாமல் பிளேடு சூடாகும், மரம் கருகி வாசனை வரும், தகடு நெளியும். இரண்டு பிளேடு வாங்கக் காசில்லை என்றால் 40 பல் வாங்குங்கள். இரண்டு வேலையையும் சுமாராகச் செய்யும். 50 பல்லில் ஒரு ரகம் உண்டு, நாலு சரிவுப் பல்லுக்கு ஒரு தட்டைப் பல், நடுவே பெரிய பள்ளம். நான் அதை மூன்று வருஷம் ஓட்டினேன், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கேரம் ஃபிரேம் என்று வந்தால் 60 பல்தான், அதில் எனக்குச் சமரசம் கிடையாது.

மைக்கா ஒட்டின பிளைவுட், எம்.டி.எஃப் (மரநாரை அழுத்திச் செய்த பலகை) என்றால் கதை வேறு. அதற்கு ஒரு பல் மூலை மழுங்கி உயரமாக, அடுத்தது தட்டையாக இருக்கும் ரகம். கடையில் டிரிபிள் சிப் என்று கேட்டால் தருவார்கள். மைக்காவைச் சரிவுப் பல்லால் அறுத்தால் முனை சீக்கிரம் மழுங்கும். உண்மையைச் சொன்னால் முழு ஷீட் அறுப்பதற்கு நான் மெனக்கெடுவதே இல்லை. சைடன்ஹாம்ஸ் ரோட்டில் பிளைவுட் வாங்கும்போதே பேனல் சாவில் அளவுக்கு அறுத்து வாங்கிக்கொள்கிறேன். 8 அடிக்கு 4 அடி ஷீட்டைத் தனியாளாக ஒரு சின்ன மேஜைமேல் தள்ளுவது வீரம் இல்லை.

இன்னொன்று. தலைக்குமேல் இருந்து இறங்கி அறுக்கும் மைட்டர் சாவுக்கு வாங்கின பிளேடும் டேபிள் சா பிளேடும் பார்க்க ஒன்றுபோல இருக்கும். டேபிள் சாவின் நெடுக்குப் பிளேடை மைட்டர் சாவில் மாட்டினால், முன்னால் சாய்ந்த பற்கள் மரத்தைக் கவ்வி இழுக்கும். அதற்குப் பல் சாய்வு மிகக் குறைவாக, சிலதில் பின்னோக்கியே இருக்கும் பிளேடு வேண்டும். அட்டையில் சாய்வு எத்தனை டிகிரி என்று போட்டிருக்கும், படியுங்கள்.

பிராட்வே பக்கம் வாங்கின ஒரு பிளேடின் கதையைச் சொல்லவேண்டும். கடை எது என்பது முக்கியமில்லை. பிளேடின் நடுத்துளை 30 மில்லி, என் மிஷினின் தண்டு 25.4. கடைக்காரர் கல்லாப்பெட்டியிலிருந்து ஒரு இரும்பு வளையத்தை எடுத்துத் துளைக்குள் போட்டு, "இப்ப கரெக்டா உக்காரும் சார்" என்றார். உட்கார்ந்தது. மிஷின் போட்டதும் சத்தம் சரியில்லை, அறுப்பு வாய் வழக்கத்தைவிட அகலம். வெர்னியர் (மில்லியில் பத்தில் ஒரு பங்கையும் காட்டும் அளவுகோல்) வைத்துப் பார்த்தால் வளையம் பிளேடு தகட்டைவிட நூலளவு தடிமன். இரண்டு பக்கத்து வாஷரும் வளையத்தைத்தான் இறுக்கிப் பிடித்திருந்தன. பிளேடை எதுவுமே பிடிக்கவில்லை. அது வளையத்தின்மேல் லொடலொடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. வளையம் போட்டே ஆகவேண்டும் என்றால், துளையில் தட்டித்தான் நுழையவேண்டும். தடிமன் தகட்டைவிட ஒரு மயிரிழை குறைவாக இருக்கவேண்டும். சரியான துளையுள்ள பிளேடாகத் தேடி வாங்குவது இன்னும் நல்லது. பிளேடில் பொறித்திருக்கும் உச்சபட்சச் சுற்று மிஷினின் சுற்றைவிட அதிகமா என்றும் பாருங்கள். அது பொறிக்காத பிளேடை நான் தொடுவதில்லை.

இதைச் சொல்லும் எனக்கு முதல் டேபிள் சா எது தெரியுமா? பிளைவுட் பலகையில் ஒரு வெட்டு போட்டு, அடியில் மார்பிள் கட்டரைத் தலைகீழாக ஸ்க்ரூ போட்டு மாட்டினது. சுவிட்சை டேப் சுற்றி ஆனிலேயே வைத்திருப்பேன். இரண்டு வருஷம் அதில்தான் பிழைப்பு. இந்தப் பக்கம் பாதிப் பட்டறையில் இன்றைக்கும் அதுதான். நிமிடத்துக்கு 12,000 சுற்றுக்கு அக்கம்பக்கம் ஓடும் மிஷின், கல் அறுக்கச் செய்தது, மூடி இல்லை, பின்னால் அறுப்பு வாய் மூடாமல் பிடிக்கும் தகடு இல்லை, அவசரத்துக்கு அணைக்க ப்ளக்கைத்தான் பிடுங்கவேண்டும். வசதி இல்லாதவனிடம் அதைத் தூக்கிப் போடு என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனால் குறைந்தது ஒரு கால் சுவிட்சாவது வையுங்கள். கால் எடுத்தால் அணைய வேண்டும். கையில் பிடித்து ஓட்டும் ஆங்கிள் கிரைண்டரில் பல் பிளேடு மாட்டுவதைப் பற்றி மட்டும் கறாராகச் சொல்கிறேன்: வேண்டாம். அது கையில் நிற்காது.

பிளேடு மாற்றும்போது ப்ளக்கைப் பிடுங்குவது முதல் வேலை, சுவிட்சை அணைப்பது போதாது. நட்டைக் கழற்ற, பிளேடு எந்தப் பக்கம் சுற்றுமோ அந்தப் பக்கம் திருப்பவேண்டும். ஓட ஓட இறுகும்படிதான் மரை போட்டிருக்கிறார்கள். எதிர்ப்பக்கம் முக்கி முக்கித் திருப்பி, ஸ்பேனர் வழுக்கி, முட்டியைப் பல்லில் இடித்துக்கொண்டவர்களை எனக்குத் தெரியும். அதில் நானும் ஒருவன். கழற்றின பிளேடை வார்ப்பிரும்பு மேஜைமேல் வைக்காதீர்கள். பல்லில் ஒட்டியிருக்கும் கார்பைடு முனை கடினம்தான், ஆனால் கண்ணாடி மாதிரிச் சிதறும். ஒரு பலகைத் துண்டில் வையுங்கள்.

பல் சிதறுவது என்றதும் துறைமுகத்து மரம் நினைவுக்கு வருகிறது. கப்பலில் பெட்டியாக வந்து, இங்கே பிரித்து விற்கும் பைன் மரம். விலை சல்லிசு, நேர் நார், இழைக்க சுகம். ஆனால் உள்ளே ஆணி முறிந்து கிடக்கும். ஒருமுறை தலை இல்லாத ஆணி ஒன்றில் ஏறி மூன்று பல் போனது. ஒன்று என் கண்ணாடியில் பட்டுத் தெறித்தது. கண்ணாடியில் அந்தப் பொட்டு இன்னும் இருக்கிறது. பழைய ஸ்பீக்கரிலிருந்து கழற்றின காந்தத்தை ஒரு கயிற்றில் கட்டி, பலகைமேல் மெதுவாக ஊசலாட விட்டுப் பார்க்காமல் இப்போது அந்த மரத்தை மேஜையில் ஏற்றுவதில்லை. அந்தப் பைன் பிசின் பல்லில் அப்பிக்கொள்ளும். பிளேடு மழுங்கிவிட்டது என்று நினைத்துப் புதுசு வாங்க ஓடுவோம், பாதி நேரம் அழுக்குதான். துணி துவைக்கும் சோப்புத் தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்து, வெயிலில் காயவைத்து, எண்ணெய் துணியால் ஒரு தடவு. சாணைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள்.

குறுக்கு அறுப்புக்கு மைட்டர் கேஜைவிட நம்பகமானது ஸ்லெட். மேஜையின் இரண்டு பள்ளத்திலும் ஓடும் ஒரு சறுக்குப் பலகை, முன்னும் பின்னும் தடுப்பு. மரம் பலகைமேல் கிடக்கும், பலகையோடு சேர்ந்து போகும். அறுந்த துண்டும் பலகைமேலேயே கிடக்கும். மரம் மேஜையில் உரசாது, திரும்பாது. 12 மில்லி பிளைவுட், இரண்டு நேரான தேக்குச் சட்டம், அரைநாள் வேலை.

முதல் ஸ்லெட்டில் பள்ளத்தில் ஓடும் பட்டையையும் தேக்கிலேயே செய்தேன். ஐப்பசி மழை பிடித்ததும் பட்டை ஊதி, பாதி அறுப்பில் ஸ்லெட் நின்றுவிட்டது. பிளேடு சுற்றுகிறது, முன்னேயும் போகவில்லை பின்னேயும் வரவில்லை. முழங்காலால் சுவிட்சைத் தட்டி அணைத்தேன். கடல் பக்கத்து ஊரில் மரப்பட்டை வேலைக்காகாது. 19 மில்லி அலுமினியப் பட்டை வாங்கி மாற்றினேன், அதோடு சரி.

ஸ்லெட்டின் தடுப்பு பிளேடுக்கு 90 டிகிரியில் இருக்கிறதா என்று மூலமட்டம் வைத்துப் பார்த்தால் போதாது. மேஸ்திரிக்கே தெரியாத ஒரு வழியை நான் அவருக்குச் சொல்லிக்கொடுத்தேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. ஏறக்குறைய சதுரமான ஒரு பிளைவுட் துண்டை எடுத்து, ஒரு பக்கம் லேசாகச் சீவவேண்டும். சீவின பக்கத்தைத் தடுப்பில் வைத்துத் திருப்பி அடுத்த பக்கம், இப்படியே நாலு பக்கமும். ஐந்தாவது அறுப்பில் முதல் பக்கத்தையே மறுபடி, 20 மில்லி அகலத்துக்கு ஒரு கீற்றாக எடுக்கவேண்டும். கீற்றின் இரண்டு முனையிலும் அகலத்தை வெர்னியரில் அளந்தால், வித்தியாசம் என்பது நாலு மடங்காகப் பெருகின பிழை. என் முதல் கீற்று 400 மில்லி நீளம். ஒரு முனை 20.0, மறுமுனை 20.8. வித்தியாசம் 0.8, நாலால் வகுத்தால் 0.2. அதாவது 400 மில்லி நீளத்துக்கு 0.2 மில்லி கோணல். என் தடுப்பில் நிலையான ஸ்க்ரூவுக்கும் நகர்த்தும் ஸ்க்ரூவுக்கும் நடுவே 500 மில்லி. ஆக அந்த முனையை 0.25 நகர்த்தவேண்டும். ஃபீலர் கேஜ் தகட்டை (தடிமன் பொறித்த மெல்லிய தகடு) இடையில் வைத்து நகர்த்தி, மறுபடி ஐந்து அறுப்பு அறுத்தேன். வித்தியாசம் 1.6! எதிர்ப்பக்கம் நகர்த்தியிருக்கிறேன். மேஸ்திரி சிரித்த சிரிப்பை மறக்க முடியாது. மூன்றாவது தடவை 0.1-க்குள் வந்தது.

ஸ்லெட்டில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. அறுப்பு முடியும்போது பிளேடு நம் பக்கத்துத் தடுப்பைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும். தடுப்பைப் பிடித்துத் தள்ளும் கட்டைவிரல் சரியாக அங்கேதான் இருக்கும். அந்த இடத்தில் வெளிப்பக்கமாக ஒரு கனமான கட்டையை ஒட்டி, சிவப்பு பெயிண்ட் அடித்து வைத்திருக்கிறேன். அதற்குமேல் ஸ்லெட் நகராதபடி மேஜைக்கு அடியில் ஒரு தடையும் உண்டு. மரம் ஆடக் கூடாது. வளைந்த பலகை என்றால் குழிந்த பக்கம் கீழே. அப்படியும் ஆடினால் இழைப்புளி எடுத்து நேர்படுத்துங்கள், கையால் அமுக்கிச் சமாளிக்காதீர்கள். அறுந்து விழப்போகும் பக்கத்தைப் பிடிக்கவே கூடாது. இரண்டு பக்கமும் பிடித்தால் கடைசியில் நாமே பிளேடை நடுவில் நெருக்கிவிடுவோம். பிளேடு அறுக்கும் மரத்துக்கு மேல் பல் இடுக்கு தெரியும் அளவு நின்றால் போதும்.

உடுப்பு விஷயத்தில் யாரும் என் பேச்சைக் கேட்பதில்லை. லுங்கி, தொங்கும் சட்டைக் கை, மணிக்கட்டில் கோயில் கயிறு. புதுசாகச் சேர்ந்த பையனிடம் கயிற்றைக் கழற்றச் சொன்னால், "அம்மா கட்டிவுட்டது ண்ணா" என்பான். முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டு, சாமி கோபிக்காது என்று சொல்லிவிட்டேன். கையுறையும் போடக் கூடாது. ஒரு நூல் பல்லில் மாட்டினால் கையைச் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

கரண்ட் கட் பற்றி ஒரு வார்த்தை. பாதி அறுப்பில் கரண்ட் போகும், நாம் பிளேடை மறந்து டீ குடிக்கப் போவோம், திரும்பி வந்து சிக்கின துண்டை எடுக்கக் கையை நீட்டும்போது கரண்ட் வரும். சாதா சுவிட்ச் என்றால் மிஷின் தானாகக் கிளம்பிவிடும். கரண்ட் போனால் விழுந்து, நாம் மறுபடி அமுக்கினால்தான் எழும் சுவிட்ச் ஒன்று உண்டு. எலக்ட்ரீஷியனிடம் நோ வோல்ட் ஸ்டார்ட்டர் என்றால் புரிந்துகொள்வார். நான் புதுசாகச் செலவு செய்ததில் மனசார செய்த செலவு அது ஒன்றுதான்.

விரல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துப் பட்டறைத் தம்பி ஒருவன், சுவிட்சை அணைத்தபிறகு, பிளேடு இன்னும் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தபோது ஓரத்தில் கிடந்த ஒரு சிராயை எடுக்கப் போனான். ஆள்காட்டி விரல் நுனி போனது. சத்தம் இல்லாமல் சுற்றும் பிளேடு நின்ற பிளேடு மாதிரியே தெரியும். அவன் அதிர்ஷ்டம், ஸ்டான்லி ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம். கைக்கென்றே தனி அறுவை சிகிச்சைப் பிரிவு அங்கே இருக்கிறது, டாக்டர் ஆர். வெங்கடசாமி 1970-களில் வளர்த்தெடுத்தது. விரல் போனவர்களை வடசென்னையில் நேராக அங்கேதான் கொண்டுபோவோம். அன்றைக்கு நான்தான் ஆட்டோவில் துண்டை எடுத்துக்கொண்டு போனேன். ஐஸில் நேரடியாகப் போடக் கூடாது, உறைந்து கெட்டுவிடும். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கட்டி, அந்தக் கவரை ஐஸ் தண்ணீரில் வைக்கவேண்டும். காயத்தில் மஞ்சளோ காப்பிப் பொடியோ அப்பாமல், துணி வைத்து அழுத்தி, கையை உயரத் தூக்கிப் பிடிக்கவேண்டும். அந்தத் தம்பி இப்போது வேலைக்கு வருகிறான். சிராய் தள்ள, மேஜை ஓரத்தில் நூலில் கட்டித் தொங்கும் ஒரு முக்கால் அடிக் குச்சி வைத்திருக்கிறான்.

2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் பட்டறையில் முழங்கால் தண்ணீர். மிஷினை மேலே ஏற்றிவிட்டோம். சுவரில் மாட்டியிருந்த பிளேடுகளும் தப்பின. ஸ்லெட் மட்டும் மூலையில் சாய்த்து வைத்தது, அடிப்பலகை மூன்று நாள் ஊறியது. காய்ந்தபிறகு ஐந்து அறுப்பு அறுத்துப் பார்த்தேன், வித்தியாசம் 0.6. ஸ்க்ரூவைத் தளர்த்திச் சரிசெய்தேன். ஒரு மாதம் கழித்து மறுபடி 0.5. பிளைவுட் உள்ளே பிரிந்திருக்கிறது, இனி அது நிலையாக நிற்காது. அந்தக் கீற்றுகளை எல்லாம் தேதி எழுதி ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன், 0.8, 1.6, 0.1, 0.6, 0.5 என்று வரிசையாக. புது ஸ்லெட்டுக்கு மரைன் பிளை (தண்ணீர் தாங்கும் பிளைவுட்) வாங்கிவந்து சுவரில் சாய்த்து வைத்து இரண்டு வாரம் ஆகிறது. இந்தத் தடவை தரையில் வைக்கவில்லை. கிளப்பில் இன்னும் நாலு போர்டு கேட்டிருக்கிறார்கள், அதற்கு முன்னால் முடிக்கவேண்டும்.